கொடுக்கக் குறையாத முதல்

கல்வி கொடுக்கக் குறையாத செல்வம் என்பதைப் பரிசளிப்பு விழாத்தோறும் மேடையிற் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். கேட்ட அக்கருத்தினை எத்துணை நம்பினோம் என்பது வேறு கேள்வி. பரம்பரை வைத்தியர் ஒருவர் தமது கைகண்ட மருந்தின் கூட்டினைப் பெற்ற மகனுக்குஞ் சொல்லாது கண்மூடிய கதை நம்மூர்களில் ஒன்றிரண்டல்ல. பரணிற் கிடந்த ஏட்டுச்சுவடியை அயலாருக்குக் காட்டாது காத்துக் காத்து, ஈற்றிற் கறையானுக்கு இரையாக்கிய குடும்பங்களும் உள. பல்கலைக்கழக அனுமதிக்கான போட்டி முற்றிய இக்காலத்திலே, தான் பெற்ற குறிப்புக் கொப்பியைப் பக்கத்து வாங்கில் இருப்பவன் கண்ணிற் படாது மூடிவைக்கும் மாணவனும் அம்மரபின் வழித்தோன்றலேயாவான்.

இதற்கு மாறான மரபொன்றும் இம்மண்ணுக்கு உண்டு. ஆறுமுகநாவலர் 1849 ஆம் ஆண்டிலே சென்னையினின்றும் அச்சியந்திரம் கொணர்ந்து வண்ணார்பண்ணையில் நிறுவியது, சிலர் வீட்டு ஏடுகளிற் கிடந்ததைப் பலர் கையிற் சேர்த்தற்பொருட்டேயாம். சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை, ஊர்தோறும் ஏடு தேடித் திரிந்து, 1881 இல் வீரசோழியத்தையும், 1885 இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும், 1887 இற் கலித்தொகையையும் அச்சேற்றினார். மானிப்பாயில் மருத்துவப் பணி புரிந்த அமெரிக்கரான சாமுவேல் பிஸ்க் கிறீன், மேனாட்டு மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்குவித்தும், அதற்கு வேண்டிய கலைச்சொற்களைத் தொகுத்தும், நம்மவரைத் தமிழிலேயே மருத்துவராகப் பயிற்றினார். தமது வித்தையை மறைத்திருந்தால் அவர் ஒருவரே மருத்துவராய் இருந்திருப்பார்; வழங்கியமையாலே குடாநாட்டில் மருத்துவம் ஒரு தொழிலாய் வளர்ந்தது.

நாவலரும் கிறீனும் இலாபங் கருதியவர் அல்லர். ஆதலின், வணிக நோக்கமே உடைய கம்பனிக்கு இவ்வழி பொருந்துமா என்று ஐயுறுவது இயல்பே. தன் வித்தையைப் பிறருக்குத் திறந்து வைக்குங் கம்பனி வளருமோ, தேயுமோ? இக்கேள்விக்குக் கணினித் தொழில் தெளிவான விடையொன்றை ஈந்துள்ளது. அவ்விடையின் ஒரு பகுதி நமது தீவிலேயே எழுதப்பட்டது என்பது நம்மிற் பலர் அறியாத செய்தி.

கூழும் செய்முறையும்

கணினிக்கு ஆணையிடும் மென்பொருளுக்கு இரண்டு வடிவங்கள் உள. அறிஞர் எழுதுவது மூலநிரல். அது மனிதர் வாசித்து விளங்கத்தக்கது. அதனைக் கணினிக்கேற்ப மாற்றிய வடிவம் மனிதர் கண்ணுக்கு வெறும் எண்குவியல். ஒடியற் கூழை ஒருவர் சட்டியோடு விற்கலாம். அன்றி, மாவெத்தனை, புளியெத்தனை, மீனெத்தனை என்ற செய்முறையையுஞ் சேர்த்துக் கொடுக்கலாம். முன்னதை வாங்கியவர் உண்டு மகிழலாம். உறைப்பைக் குறைத்து மீண்டுஞ் சமைக்க அவரால் இயலாது. மூலநிரல் அத்தகைய செய்முறை.

கணினியின் தொடக்க காலத்திலே, இயந்திரத்தோடு நிரலையும் மூலத்துடன் கொடுப்பது வழக்கமாயிருந்தது. பின்னர் மென்பொருள் தனியே விலைபெற்றது, மூலமும் பூட்டப்பட்டது. இதனை ஏற்காத அமெரிக்கரான றிச்சாட் ஸ்ரோல்மன் 1983 இல் குனு என்னுந் திட்டத்தை அறிவித்தார். 1989 இல் வெளிவந்த அவரது பொது உரிமம் புதுமையானதொரு விதியைக் கூறிற்று: இந்நிரலை எவரும் வாசிக்கலாம், திருத்தலாம், விற்கவுஞ் செய்யலாம், ஆனால் திருத்தியதைப் பிறருக்கு வழங்குமிடத்து அதே உரிமையையும் உடன் வழங்கல் வேண்டும். 1991 இல் பின்லாந்து மாணவரான லினஸ் ரோவால்ட்ஸ் லினக்ஸ் என்னும் இயங்குதளத்தின் கருவை வெளியிட்டார். 1995 இல் அப்பாச்சி என்னும் இணைய வழங்கி தோன்றியது. அதனை ஆக்கியோர் 1999 இல் அப்பாச்சி மென்பொருள் மன்றத்தை நிறுவினர். இன்று உலகின் இணையப் பணிகளிற் பெரும்பகுதி இத்தகைய திறந்த நிரல்களின் மேலேயே இயங்குகின்றது.

பூட்டிய எழுத்தின் கதை

திறத்தலின் பயனை ஆராயுமுன், பூட்டுதலாற் போந்த நட்டத்தைத் தமிழரின் அனுபவத்திலிருந்தே காண்பது தகும். 1980 களிலும் 1990 களிலும் தமிழ் எழுத்துருக்களை ஆக்கியோர் ஒவ்வொருவரும் தத்தமக்கு வேண்டியவாறு எழுத்துக்களுக்கு எண்களை வகுத்தனர். ஓர் எழுத்துருவில் ‘அ’ வாக நின்ற எண், மற்றொன்றிற் பிறிதோர் எழுத்தாயிற்று. யாழ்ப்பாணத்து அச்சகத்திற் பாமினி எழுத்துருவில் அமைத்த பக்கம், வேறெழுத்துருவுடைய நண்பரின் கணினியிற் பொருளற்ற குறிகளாய்த் தோன்றும். தன் எழுத்துருவைப் பழகியவர் தன்னை விட்டு நீங்கமாட்டார் என்பது ஆக்கியோர் பலரின் கணக்கு. கணக்குப் பிழைத்தது. வாடிக்கையாளர் நீங்கவில்லை, சந்தையும் வளரவில்லை. ஒருவர் எழுதியதை மற்றவர் வாசிக்கவியலாத மொழிக்கு, தேடுபொறியோ, சொற்பிழை காட்டுங் கருவியோ, மின்னகராதியோ ஆக்க எவர் முன்வருவர்?

இதனை உணர்ந்த தமிழறிஞரும் பொறியியலாளரும், பல நாடுகளில் இருந்தவாறே வெளிப்படையாக விவாதித்துப் பொதுக் குறியீட்டு முறைகளை வகுத்தனர். 1999 இற் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டிப் பொது விசைப்பலகை வகுக்கப்பட்டது. 2000 இல் உத்தமம் என்னும் உலகத் தமிழ் தகவல் தொழில்நுட்ப மன்றம் தோன்றியது. 1991 தொடக்கமே தமிழுக்கு இடமளித்திருந்த ஒருங்குறி படிப்படியாய்ப் பொதுவழக்காயிற்று. பழைய எழுத்துருவில் உள்ளதை ஒருங்குறிக்கு மாற்றுங் கருவிகளைத் தன்னார்வலர் ஆக்கி, விலையின்றி வழங்கினர். அடித்தளம் பொதுவானபின், கம்பனிகள் எண் வகுப்பதிற் போட்டியிடுவதை விடுத்துத் தட்டச்சுக் கருவி, பேச்சறிதல், மொழிபெயர்ப்பு ஆகியவற்றின் தரத்திற் போட்டியிடலாயின. கைத்தொலைபேசியிற் பேரப்பிள்ளைக்குத் தமிழில் எழுதும் பாட்டியார் அப்பொதுமையின் பயனை நாள்தோறும் நுகர்கின்றார்.

கொழும்பில் ஒரு சோதனை

இனி நமது தீவின் செய்திக்கு வருவோம். ஐபிஎம் கம்பனியின் ஆராய்ச்சிப் பிரிவிற் பணிபுரிந்த கலாநிதி சஞ்சீவ வீரவரண, 2003 இல் இலங்கை மென்பொருள் மன்றம் உருவாவதற்கு முன்னின்றார். உலகம் பயன்படுத்துந் திறந்த நிரல்களை இலங்கையர் வெறுமனே எடுத்தாள்வதோடு அமையாது, அவற்றை எழுதுவோராகவும் ஆதல் வேண்டும் என்பதே அம்மன்றத்தின் நோக்கம். ஒரு தாபனத்தின் கணினி மற்றொரு தாபனத்தின் கணினியோடு செய்தி பரிமாறுதற்கு உதவும் அப்பாச்சி அக்சிஸ்2 என்னும் நிரலை ஆக்குவதில் இலங்கை இளைஞர் பெரும்பங்கு கொண்டனர்.

2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை எழுந்தது. காணாமற் போனோரைப் பதியவும், முகாம்களைக் கணக்கிடவும், உதவிப் பொருள்களை ஒழுங்குசெய்யவும் வல்ல மென்பொருள் கைக்கெட்டுந் தூரத்தில் இருக்கவில்லை. தன்னார்வலர் இராப்பகலாக எழுதி ஒன்றை ஆக்கினர்; சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள்படும் ‘சஹன’ என்ற பெயரை அதற்கு இட்டனர். மூலம் திறந்திருந்தமையால், 2005 இற் பாக்கிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும், 2010 இல் ஹெயிற்றி நிலநடுக்கத்தின்போதும் அது பயன்பட்டது. 2006 ஆம் ஆண்டுக்கான சமூகப் பயன் விருதினைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அதற்கு வழங்கியது. நம் கரையில் விழுந்த இடிக்கு நாம் கண்ட பரிகாரம், கடல் கடந்த நாடுகளுக்கும் கைகொடுத்தது.

2005 இல் வீரவரணவும் அவருடன் உழைத்தோரும் டபிள்யூ எஸ் ஓ 2 என்னுங் கம்பனியைத் தொடங்கினர். தன் மென்பொருளின் மூலநிரலை உலகறிய வெளியிட்டு, அதனை நம்பித் தொழில் நடத்துந் தாபனங்களுக்கு ஆதரவும் அறிவுரையும் வழங்கிச் சந்தா பெறுவதே அக்கம்பனி கொண்ட வழி. பெயரறியாத தீவொன்றிற் புதிதாய்த் தோன்றிய கம்பனியை நம்பி மூடிய பெட்டியை வாங்க எந்தப் பெருந்தாபனமும் துணியாது. திறந்த பெட்டியையோ, விலைபேசு முன்னரே உள்ளே நோக்கிச் சோதிக்கலாம். ஈபே போன்ற பெருந்தாபனம் நாளொன்றுக்கு நூறு கோடிக்கு மேற்பட்ட செய்திகளை அதன் மென்பொருள்வழிச் செலுத்திற்று. பலரினா என்னும் புதிய நிரல்மொழியொன்றையும் அக்கம்பனி திறந்த முறையிலேயே வெளியிட்டது. 2024 இற் சுவீடன் நாட்டு முதலீட்டுத் தாபனமாகிய ஈகியூரி அதனைக் கொள்வனவு செய்ய உடன்பட்டபோது, அதன் மதிப்பு 60 கோடி டொலருக்கு மேல் எனப்பட்டது. செய்முறையை ஊருக்கெல்லாஞ் சொல்லிய கடைக்குக் கிடைத்த விலை அது.

மாணவர்க்குங் கதவு திறந்தது. 2005 இல் கூகிள் தொடங்கிய கோடைக்கால நிரலாக்கத் திட்டத்தில், முதற் பத்தாண்டுகளிலே உலகில் மிகுதியான மாணவரைப் பங்குபற்றச் செய்தது மொறட்டுவைப் பல்கலைக்கழகமே.

வளர்ச்சியின் காரணங்கள்

திறந்த வழியாற் கம்பனி வளர்வதன் காரணங்களை நான்காக வகுக்கலாம்.

முதலாவது, பொதுச்செலவு. ஊருக்கு ஒரு வீதி போதும். ஒவ்வொரு கடைக்காரரும் தனிவீதி போடுவாராயின் எல்லாரும் கடனாளிகளாவர். அடித்தள மென்பொருளைக் கம்பனிகள் கூடி ஆக்கித் தத்தம் சிறப்பினை அதன்மேற் கட்டுகின்றன.

இரண்டாவது, பலர் கண். 1990 களிற் பொருளாதாரத் தடையும் மின்வெட்டும் நிலவிய காலத்தைக் கண்டோர் இதனை எளிதில் உணர்வர். துவிச்சக்கரவண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டோம். சொட்டுப் பெற்றோல் விட்டு இயந்திரத்தைக் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டினோம். ஜாம்போத்தலிற் சிறுதிரி இட்டுப் படித்தோம். இவற்றை முதலிற் கண்டவர் யாவர் என்று எவருக்குந் தெரியாது. ஓர் ஒழுங்கையிற் கண்டது மறுநாள் அடுத்த ஊரிற் பரவியது, பரவுந்தோறுந் திருந்தியது. எவரேனும் அதனைத் தம் இரகசியமாக்கியிருப்பின் அது முதல்வடிவின் குறைகளோடே நின்றிருக்கும். ஆயிரம் பேர் பயன்படுத்தி ஆயிரம் பேர் குறைகூறும் நிரலும் அவ்வாறே செப்பமுறுகின்றது.

மூன்றாவது, நம்பிக்கை. மூடிய மென்பொருளை விற்ற கம்பனி நாளை மூடப்படின், வாங்கியவர் நிர்க்கதியாவர். மூலம் பலரிடம் உள்ளதாயின் வேறொருவர் அதனைத் தொடரலாம். ஒரே பிரதியாய் இருக்கும் அறிவின் கதி யாதென்பதை நமக்கு எவருஞ் சொல்ல வேண்டியதில்லை. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது, வேறிடத்துப் பிரதியுள்ள நூல்களை மீண்டும் வாங்க முடிந்தது; பிரதியில்லாத சுவடிகள் போனவை போனவையே. 2005 இல் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகத் திட்டம் ஈழத்து நூல்களைத் திறந்த முறையிற் பலரிடம் பரப்பிவைப்பது அத்துயரின் பாடத்தைக் கற்றமையாலேயாகும்.

நான்காவது, ஆள் அறிதல். திறந்த நிரலிற் பணிபுரிந்தவரின் கைத்திறன் உலகறிய வெளிப்பட்டு நிற்கின்றது. அவர் எந்தக் கல்லூரியிற் படித்தார், எவருடைய உறவினர், எந்நகரில் வாழ்கின்றார் என்பன பின்தள்ளப்படும். அவர் எழுதியது சரியா என்பதே முன்னிற்கும்.

இக்காரணங்கள் நமது தீவுக்கு மட்டும் உரியன அல்ல. 1993 இல் தோன்றிய றெட் ஹற் கம்பனி, எவரும் இலவசமாய்ப் பெறத்தக்க லினக்ஸை அடித்தளமாகக் கொண்டு 2012 அளவில் ஆண்டொன்றுக்கு 100 கோடி டொலருக்கு மேல் வருமானம் பெற்றது. 2019 இல் ஐபிஎம் அதனை 3,400 கோடி டொலருக்கு வாங்கியது. 2001 இல் லினக்ஸைப் புற்றுநோய்க்கு ஒப்பிட்டவர் மைக்றோசொவ்ற்றின் அன்றைய தலைவர். அக்கம்பனியே 2018 இல், திறந்த நிரல்களின் பெருங்களஞ்சியமாகிய கிற்ஹப்பை 750 கோடி டொலர் கொடுத்து வாங்கிற்று.

எல்லையும் இடரும்

ஆயினும், திறத்தல் என்பது எல்லாவற்றையும் தெருவிற் கொட்டுதல் அன்று. வாடிக்கையாளரின் அந்தரங்கம், கடவுச்சொல், நோயாளியின் வைத்தியக் குறிப்பு ஆகியன ஒருபோதுந் திறக்கத்தக்கன அல்ல. செய்முறையைச் சொல்லலாம், விருந்தினர் வீட்டுச் செய்தியைச் சொல்லலாகாது.

எடுப்பவர் பலராய்க் கொடுப்பவர் சிலராவது மற்றோர் இடர். லொக்4ஜே என்னுஞ் சிறு நிரலொன்றை உலகின் எண்ணற்ற தாபனங்கள் பயன்படுத்தின. பேணியோர் சில தன்னார்வலரே. 2021 டிசம்பரில் அதிற் பெருங் குறையொன்று வெளிப்பட்டபோது உலகமே அவர்கள் வாயிலில் நின்றது. ஊர்க்கிணற்றில் எல்லாரும் அள்ளுகின்றோம்; இறைத்துத் தூர்வாரும் நாளில் எத்தனை பேர் வருகின்றோம்? தன் திறந்த நிரலைப் பெருங்கம்பனி எடுத்து விற்றுப் பொருளீட்டுகின்றது என்று முறையிட்டு, இலாஸ்ரிக் என்னுங் கம்பனி 2021 இல் தன் உரிமத்தை இறுக்கிற்று. 2024 இல் மீண்டுந் திறந்த உரிமமொன்றையும் ஏற்றது. எதனைத் திறப்பது, எதனை விற்பது என்பதை முன்கூட்டியே தெளியாத கம்பனி இடர்ப்படும் என்பதே இதன் பாடம்.

கம்பனியின் உள்ளே

மூலநிரலை வெளியே திறந்துவிட்டு உள்ளே வாயைப் பூட்டும் கம்பனிக்கு இப்பயன் கிட்டாது. அப்பாச்சி மன்றத்தின் வழக்கம் இங்கு கருதத்தக்கது. தீர்மானங்கள் பெரும்பாலும் எவரும் வாசிக்கத்தக்க பொதுக் கடிதங்களிலேயே எழுத்தில் ஆராயப்படும். புதிதாய் வந்தவர் முதலிற் சிறு திருத்தம் அனுப்புவார். மூத்தோர் அதனை ஆராய்ந்து குறைகூறுவர். பணி தொடர்ந்து நன்றாயின், நிரலை நேரே மாற்றும் உரிமையை வாக்கெடுத்து அவருக்கு அளிப்பர். மூத்தவர் எழுதியதும் இளையவரின் ஆராய்ச்சிக்கு உட்பட்டதே.

பெரியோரைக் கேள்வி கேட்பது அடக்கமின்மை என்று பழகிய நமக்கு இது எளிதன்று. ஆயினும், பொறியில் உள்ள பிழைக்கு வயதும் பதவியுந் தெரியா. தான் செய்த தவற்றை இளம் பொறியியலாளர் அஞ்சாது சொல்லக்கூடிய தாபனத்தில் அத்தவறு காலையிலேயே திருத்தப்படும்; அஞ்சுந் தாபனத்தில் அதனை வாடிக்கையாளரே மாலையிற் கண்டுபிடிப்பார். மரியாதை வேறு, மௌனம் வேறு. ஆசிரியரிடம் ஐயம் வினாவும் மாணவன் அவரை மதிப்பவனே.

நமக்குரிய பணி

குடாநாட்டிற்கு இவ்வழி ஏனைய இடங்களினும் மிக வேண்டற்பாலது. நம்மிடம் பெருந்துறைமுகம் இல்லை, பெருந்தொழிற்சாலை இல்லை, முதலாளிகள் மிகுதியாக இல்லை. எனினும், கொக்குவிலில் இருக்கும் மாணவியும், கலிபோர்னியாவில் இருக்கும் மாணவனும் ஒரே மூலநிரலை ஒரே நாளில் வாசிக்கலாம். 2014 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் கிளிநொச்சியில் மாணவரை ஏற்கத் தொடங்கிற்று. யாழ் ஐரி ஹப் என்னுந் தன்னார்வ அமைப்பு 2010 களின் தொடக்கந் தொட்டு இளைஞரையும் மாணவரையும் தொழில்முனைவிற் பயிற்றிப் போட்டிகள் நடத்தி வந்துள்ளது. வித்து உண்டு, நிலமும் உண்டு.

மாணவர்க்குச் சொல்வது இது. திறந்த நிரலொன்றைத் தெரிந்து முதலில் வாசியுங்கள். பின்னர் அதன் விளக்கக் குறிப்பில் ஒரு பிழையையேனுந் திருத்தி அனுப்புங்கள். தமிழ் விளக்கம் இல்லாத இடத்திற் தமிழில் எழுதுவதும் பெருங்கொடையே. பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்யும்போதும், உங்கள் குறிப்பைத் தோழனுக்குக் கொடுத்து விளக்கிப் பாருங்கள். விளங்கியதென்று நீங்கள் எண்ணியதில் எது விளங்கவில்லை என்பது அப்போதே தெரியவரும்.

ஆசிரியர்க்கு ஒரு விண்ணப்பம். கூடிச் செய்யும் பணிக்கும் புள்ளி வழங்குங்கள். தனியொருவன் முதலாவது வருவதை மட்டும் போற்றும் வகுப்பறை, கொப்பியை மூடும் கைகளையே வளர்க்கும்.

கடல் கடந்து வாழும் பழைய மாணவர் கட்டிடங்களுக்கும் விழாக்களுக்கும் வாரி வழங்கி வருகின்றனர். அது நன்றியோடு போற்றத்தக்கது. அதனோடு, மென்பொருட் கம்பனிகளிற் பணிபுரிவோர் கிழமைக்கொரு மணி நேரமேனும் இங்குள்ள மாணவரின் நிரலை வாசித்துக் குறைகூறித் திருத்த முன்வருவாராயின், அவ்வுதவிக்கு ஈடாகும் நன்கொடை பிறிதொன்றில்லை. பணம் செலவாகிவிடும், காட்டிக் கொடுத்த வழியோ நடக்குந்தோறும் அகலும்.

பரணிற் கிடந்த ஏட்டை அச்சேற்றியவர் வழி வந்தவர்கள் நாம். இன்றைய ஏடு கணினியில் இருக்கின்றது. அதனை மூடி வைப்பதா, திறந்து வைப்பதா என்பதை இக்கல்லூரியின் மாணவர் தத்தம் மேசையிலிருந்தே முடிவுசெய்வர். கொடுக்கக் குறையாத முதலைக் கொண்டு தொழில் தொடங்குவோர்க்கு நட்டம் அரிது என்பதை அவர்கள் அறிந்து முன்னேறுவாராக.